பக்கம் சாயாத குரல்

கஞ்சி போட்ட சட்டை சத்தம் போடும் என்பது பெரியவருக்கு அறுபத்தொன்பதாவது வயதில்தான் தெரியவந்தது.

"ஐயா, நீங்க மூச்சு விடும்போதெல்லாம் சரசரன்னு கேக்குது," என்றார் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவுக்கார அம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியை உச்சந்தலைக்குத் தூக்கிவிட்டு, இரண்டு காதையும் ஹெட்போனால் மூடியிருந்தார். "பையில காகிதம் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்லை."

"அப்ப சட்டைதான். கழட்டிடுங்களேன். உள்ள பனியன் இருக்கும்ல?"

பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். "முப்பத்திரண்டு வருஷம் கோர்ட்ல நின்னு வாசிச்சவன்மா நான். ஒருநாள் ஒரு பொத்தான் திறந்து இருந்ததில்ல. பனியனோட உக்காந்து எங்கப்பா புத்தகத்தை வாசிக்கச் சொல்றீங்களா?"

"இங்க யாரும் பாக்க மாட்டாங்க ஐயா. கேக்கத்தான் போறாங்க."

"நான் பாப்பேன்ல?"

அந்த அம்மாள் சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு, ஒரு மெத்தென்ற போர்வையைக் கொண்டுவந்து சட்டைக்கு மேல் சுற்றிவிட்டார். குளிர்காய்ச்சல் கண்டவர் போல உட்கார்ந்து, பெரியவர் தன் தகப்பனாரின் முதல் அத்தியாயத்தை வாசித்தார். நாற்பது நிமிடம். எங்கும் நாக்கு இடறவில்லை.

அவர் நீதிமன்றத்தில் பார்த்த வேலையே வாசிப்பதுதான். சாட்சி கூண்டில் நின்று சொன்னதைத் தட்டச்சு செய்து முடித்ததும், கையெழுத்து வாங்குவதற்கு முன் அதைச் சாட்சிக்கே உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு, "நான் வாசித்தது நீங்கள் சொன்னபடி இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கொலை வழக்கில், 'பார்த்தேன்' என்ற ஒரு சொல்லை நூலளவு அழுத்திவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். "இவர் வாசிக்கவில்லை, சாட்சி சொல்கிறார்!" நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு பெரியவர் எந்தச் சொல்லையும் அழுத்தியதில்லை. வெட்டினேன் என்பதையும் வெற்றிலை வாங்கினேன் என்பதையும் ஒரே குரலில் வாசித்தார். நீதிமன்றத்தில் அவருக்குத் தராசு என்று பெயர் விழுந்தது. முதுகுக்குப் பின்னால் கேலியாக வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

அப்பா மருந்துக்கடை வைத்திருந்தவர். முன்னால் கடை, பின்னால் வீடு. சாவதற்கு முந்தைய நான்கு வருடங்களில், தான் வாழ்ந்த வாழ்க்கையைத் தடித்த நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருந்தார். பெரியவர் அதைத் தட்டச்சு செய்து, அச்சடித்து, உறவுக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் கொடுத்தார். 'ஒரு மருந்துக்கடைக்காரனின் நாட்கள்' என்று அப்பாவே வைத்த தலைப்பு. எப்படியோ ஒரு பேராசிரியர் கையில் அது சிக்கி, அவர் ஒரு கட்டுரை எழுத, ஒலிப்புத்தகம் போடுகிற நிறுவனம் ஒன்று தேடிக்கொண்டு வந்தது. புத்தகத்தை முழுசாக வாசிக்க வேண்டும், ஒரு வரியும் விடக்கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. வெளியாள் வாயில் என் அப்பா போகக்கூடாது, நான்தான் வாசிப்பேன் என்பது இவர் நிபந்தனை. குரலைச் சோதித்துப் பார்த்துவிட்டு அவர்கள் சரி என்றார்கள்.

அந்தப் புத்தகத்தின் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் ஒரு வரி அப்பா எழுதியது அல்ல. அது உலகத்தில் பெரியவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

நாற்பத்துமூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை. கடைக்கு மருந்துப் பெட்டி கொண்டுவரும் வேனை ஓட்டியவனோடு வீட்டைவிட்டுப் போய், பதிவுத் திருமணம் செய்துகொண்ட தங்கை, ஒன்றேகால் வருடம் கழித்துக் கைக்குழந்தையோடு வீட்டு வாசலுக்கு வந்தாள். கதவைத் திறந்தவர் பெரியவர். "அப்பா வீட்ல இல்ல," என்றார். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். குழந்தையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினாள். போய்விட்டாள்.

அப்பா பின்னறையில்தான் இருந்தார். மகள் போன பிறகு வெளியே வந்து, "யாரு வந்தது?" என்று கேட்டார். "யாருமில்லப்பா." அப்பா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். அப்பாவுக்கு எதுவும் கேட்கவில்லை என்று பெரியவர் முப்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தார். அவர் செத்த பிறகு நோட்டைத் திறந்தால் அப்பா எழுதியிருக்கிறார்:

'மதியம் அவள் வந்தாள். கையில் குழந்தை. பெரியவன் வாசலில் நின்று, அப்பா வீட்டில் இல்லை என்றான். நான் வீட்டில்தான் இருந்தேன். கல்வத்தில் மருந்து அரைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டால் தெரிந்துவிடுமே என்று அரைப்பதை நிறுத்திவிட்டேன்.'

அச்சுக்குக் கொடுத்தபோது பெரியவர் அதில் முதல் இரண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டார். மற்றதை எடுத்துவிட்டு இப்படிப் போட்டார்: 'அச்சமயம் நான் வெளியூர் சென்றிருந்தபடியால் அவளைக் காண இயலாமல் போயிற்று.'

தன் பொய்யை மறைக்க அதைச் செய்ததாக அவர் ஒருநாளும் நினைக்கவில்லை. மகள் வாசலில் நிற்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிந்திருந்தவர் என்று தன் தகப்பனை நாலு பேர் பேசுவதா? பெற்ற பிள்ளை எதற்கு இருக்கிறான்?

தங்கை அவரோடு பேசுவதில்லை. இரண்டு சாவு வீட்டில் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணிக்கு, அதாவது பெரியவரின் மனைவிக்கு மட்டும் போன் செய்வாள். அண்ணி மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு வருவாள். வாசிப்பு தொடங்கிய வாரத்தில் மாடியிலிருந்து இறங்கி வந்தவள், நேராக அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, சின்னவ பேசினா."

"உன் நாத்தனார் உன்கிட்டதானே பேசுவா. எனக்கு எதுக்கு அறிக்கை?"

"கண்ணு ரெண்டும் ரொம்ப மங்கிடுச்சாம். எழுத்தே தெரியலையாம். புத்தகத்தை மடியில வச்சுத் தடவிட்டு இருக்காளாம்."

"மக இருக்காள்ல? வாசிச்சுக் காட்டச் சொல்லு."

"மக வாசிக்கிறேன்னுதான் சொல்லிருக்கா. இவ வேண்டாம்னுட்டா. அண்ணன் வாசிக்கிறாரு, அவரு வாயால கேட்டுக்கறேன்னு பிடிவாதம். வேற யாருக்கு இருக்கும் இந்த அழுத்தம்? அதே ரத்தம்தானே."

பெரியவர் செய்தித்தாளை மடித்தார்.

"இன்னொண்ணும் சொன்னா," என்றாள் மனைவி. "அன்னிக்கு மட்டும் அப்பா வீட்ல இருந்திருந்தா, கொழந்த சத்தம் கேட்டு ஓடி வந்திருப்பாரு அண்ணின்னு. எத்தனையோ தடவ சொல்லிட்டா. அந்த ஒரு நெனப்புலதான் அவ அப்பன்மேல கோவம் இல்லாம இருக்கா."

"சரி."

"என்ன சரி?"

"சரின்னா சரி. போய் வேலையைப் பாரு."

வாசிப்பு ஒழுங்காக நடந்தது. காலை பத்து மணிக்குப் போவார். பஞ்சு ஒட்டிய சுவர்கள், ஒரு மேசை, ஒரு விளக்கு, நாக்கு ஒட்டி 'டக்' என்று சத்தம் வராமலிருக்க ஒரு தட்டில் பச்சை ஆப்பிள் துண்டுகள். எங்காவது தடுக்கினால் ஒலிப்பதிவுக்கார அம்மாள் நிறுத்தி, இரண்டு வரி பின்னால் போய், அவர் வாசித்ததை அவர் காதிலேயே ஓட்டுவார். அந்த வரி முடிகிற இடத்தில் ஓடும் பஸ்ஸில் தொற்றிக்கொள்வது போல இவர் பிடித்துக்கொள்ள வேண்டும். தன் குரலுக்குப் பின்னால் தானே ஏறுவது முதலில் வேடிக்கையாக இருந்தது. மூன்றாம் நாளே பழகிவிட்டது.

"எனக்கு எத்தனை விதமான ஆளுங்க வந்து வாய்ச்சிருக்காங்க தெரியுமா?" என்றார் அந்த அம்மாள், தேநீர் நேரத்தில். "ஒருத்தர் இருக்காரு, சோகமான இடம் வந்தா அவரே அழுதுடுவாரு. கேக்கறவங்களுக்கு அழ மிச்சமே வைக்க மாட்டாரு. இன்னொருத்தருக்கு ஒவ்வொரு வரியும் மேடைப் பேச்சுதான், கைதட்டலுக்கு நிறுத்துவாரு. ஒரு அம்மா வில்லனுக்கு வில்லன் குரல், கெழவிக்குக் கெழவிக் குரல்னு வீட்டையே சந்தக்கடை ஆக்கிடுவாங்க. உங்களுக்கு அந்த வியாதி ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான். முதுகு."

"முதுகா?"

"முதுகு விறைப்பா இருந்தா குரலும் விறைப்பா வருது. சாஞ்சு உக்காருங்க. கேக்கறவங்க பாதிப் பேரு பாத்திரம் கழுவிட்டுக் கேப்பாங்க, பஸ்ல ஜன்னலோரமா உக்காந்து கேப்பாங்க. அவங்க பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருக்கணும். கொஞ்ச நேரத்துல நீங்க இருக்கறதையே அவங்க மறந்துடணும். உங்கப்பா மட்டும்தான் மிச்சம் இருக்கணும்."

"என்னை மறக்கணும்."

"ஆமா ஐயா. அதுதான் நல்ல வாசிப்பு. கஷ்டமா இருக்கா?"

"இல்லம்மா. எனக்கு அதுதான் தொழிலே," என்றார் பெரியவர். சாய்ந்து உட்காரவில்லை.

பத்தொன்பதாம் அத்தியாயம் ஒரு புதன்கிழமை வந்தது.

'மதியம் அவள் வந்தாள். கையில் குழந்தை. அச்சமயம் நான் வெளியூர் சென்றிருந்தபடியால் அவளைக் காண இயலாமல் போயிற்று. அதற்குப் பிறகு அவள் வரவில்லை.'

"ஐயா, ஒரு நிமிஷம்." காதில் அந்த அம்மாள் குரல். "அந்த வெளியூர் வரி. இன்னொரு தடவ."

வாசித்தார்.

"இன்னொரு தடவ. கொஞ்சம் வேகமா போயிட்டீங்க."

வாசித்தார். இந்த முறை மெதுவாகப் போய்விட்டதாம். அடுத்த முறை கடைசிச் சொல்லில் மூச்சு தீர்ந்ததாம். அதற்கடுத்து, வரி ஆரம்பிக்கும் முன் தொண்டையைச் செருமிவிட்டார். தண்ணீர் குடித்தார். ஆப்பிள் தின்றார். ஒவ்வொரு முறையும் அந்த அம்மாள் இரண்டு வரி பின்னால் போய் ஓட்டினார். 'மதியம் அவள் வந்தாள். கையில் குழந்தை.' ஒரு குறையும் இல்லாத குரல். அதன் வாலைப் பிடித்து ஏற வேண்டும். ஏறுகிற நொடியில் தொண்டைக்குள் எதுவோ கதவைச் சாத்தியது.

பதினாறாவது தடவைக்குப் பிறகு அந்த அம்மாள் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். கையில் புத்தகம்.

"தப்பா எடுத்துக்காதீங்க. தப்பு உங்க மேல இல்லன்னு நெனக்கறேன். வரிதான் சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"இருநூறு பக்கமா உங்கப்பா கூடவே இருக்கேன். அவரு சின்னச் சின்னதா பேசுற மனுஷன். கடைய மூடினேன். மழை வந்தது. சாப்பிடல. இப்படித்தான். பொண்ணு வந்த அன்னிக்கு மட்டும் திடீர்னு ஆபீஸ் லெட்டர் மாதிரி எழுதுவாரா? நீங்க வாசிக்கும்போது அது தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. எனக்குக் கேக்குது."

"எங்கப்பா எப்படி எழுதணும்னு நீங்க சொல்லித் தரப் போறீங்களா?"

"ஐயோ, இல்லைங்க. கையெழுத்து நோட்டு இருக்கா? ஒத்துப் பாத்துடலாம். அச்சடிக்கும்போது ஏதாவது விட்டுப் போயிருக்கும்."

"கரையான் அரிச்சிடுச்சு," என்றார் பெரியவர்.

முள் இல்லாமல் வந்தது அது. கேட்டதும் கேட்காததுமாய்ப் பதில். தன் குரலைத் தானே கேட்டு அவருக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாளும் அந்த வரி வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. மற்ற அத்தியாயங்கள் எல்லாம் முடிந்தன. அந்த ஒரு வரி மட்டும் ஓட்டைப் பல் போல நின்றது. நிறுவனத்திலிருந்து ஒருவர் பேசினார். "சார், ஒரே ஒரு அத்தியாயம்தானே, வேறொருத்தர வச்சு எடுத்துடறோம். தொழில்காரர் ஒருத்தர் இருக்காரு. யாரு குரல் வேணும்னாலும் ஒட்ட வச்சுடுவாரு. பெத்த தாய்க்கே வித்தியாசம் தெரியாது."

"வெளியாளா?"

"கேட்டுப் பாருங்க சார். புடிக்கலன்னா விட்டுடலாம்."

அந்தத் தொழில்காரர் திங்கட்கிழமை வந்தார். திரைப்படங்களுக்குக் குரல் கொடுக்கிறவர், சாயம் போன டீ-சட்டை, காலில் ரப்பர் செருப்பு. பெரியவரைப் பார்த்துக் கும்பிட்டார். பெரியவர் வாசித்ததில் பத்து நிமிடம் கேட்டார். நாற்காலியில் பாதி படுத்தாற்போல் சாய்ந்து, புத்தகத்தை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு வாசித்தார்.

'மதியம் அவள் வந்தாள். கையில் குழந்தை.' பெரியவரின் குரலே போல இருந்தது. அப்புறம் கொஞ்சம் நிறுத்தினார். 'அச்சமயம்...' என்ற சொல்லை, வெளியே சொல்லப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பது போலத் தயங்கி எடுத்தார். 'வெளியூர் சென்றிருந்தபடியால்' என்பதில் ஒரு கிழவனின் களைப்பு இருந்தது. 'காண இயலாமல் போயிற்று' என்பதில் குரல் லேசாகத் தாழ்ந்து, அடியில் தங்கியது. முப்பது வருடமாக அந்தப் பயணத்துக்காகத் தன்னையே நொந்துகொண்ட ஒரு தகப்பன் அங்கே உட்கார்ந்திருந்தான். எந்த ஊருக்குப் போனான், எந்த ரயிலில் திரும்பினான் என்றுகூடப் பெரியவருக்குத் தோன்றிவிட்டது.

ஒலிப்பதிவுக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப ஒட்டுதே," என்றார், தனக்குள் சொல்லிக்கொள்வது போல. "அப்ப வரி சரிதான் போலிருக்கு."

தொழில்காரர் வெளியே வந்து தண்ணீர் குடித்தார். "உங்களுக்கு ஏன் வரலன்னு தெரியல சார். நல்ல வரி. பாவம், உங்கப்பா ஊர்ல இல்லாமப் போயிட்டாரு."

"எங்கப்பா எங்கேயும் போகல," என்றார் பெரியவர்.

அறையில் இருந்த மூன்று பேரில் அதைக் கேட்டு அதிகம் திடுக்கிட்டவர் அவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் இரும்பு அலமாரியைத் திறந்தார். சாவி எப்போதும் அவர் கைக்கடிகாரப் பட்டையோடு கட்டியிருக்கும். பட்டுத் துணிகளுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்தார். மனைவி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கரையான் அரிச்ச நோட்டா அது?"

"உனக்கு யார் சொன்னது?"

"அந்த ஸ்டுடியோ அம்மா போன் பண்ணாங்க. வீட்ல ஒருதரம் தேடிப் பாருங்களேன்னாங்க. கரையான் இந்த வீட்டுக்கு வந்து நான் பாத்ததில்லைங்கன்னு சொன்னேன்." அவள் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "என்ன எழுதியிருக்காரு?"

அவர் சொன்னார். முப்பத்திரண்டு வருடம் மற்றவர்கள் வாக்குமூலத்தைச் சொன்ன அதே குரலில் சொன்னார்.

"அவ கேப்பாளே," என்றாள் மனைவி.

"தெரியும்."

"அவளுக்கு இருக்கறது அந்த ஒரு நெனப்புதாங்க. அதையும் புடுங்கணுமா? இத்தன வருஷம் பொய் சொன்னது சொன்னீங்க, இப்ப ஏன் திடீர்னு அரிச்சந்திரன் வேஷம்?"

"வேஷம் போட்டது அந்தாளு. எங்கப்பா வேஷம். நீ கேட்டிருக்கணும். செருப்பு போட்ட காலை ஆட்டிக்கிட்டே என் அப்பனை ஊருக்கு அனுப்பிட்டான். அவ்வளவு அழகா! ஆயிரம் பேரு அதைக் கேட்டு உச் கொட்டுவாங்க. எங்கப்பா இல்லாத ஊருக்குப் போனாருன்னு."

"அனுப்பினது அந்தாளா, நீங்களா?"

அவர் நோட்டை மூடினார்.

"ஒண்ணு செய்யுங்க," என்றாள் மனைவி. "மொதல்ல அவகிட்ட போய்ச் சொல்லுங்க. நேரா. அப்புறம் ஊருக்கு வாசிங்க."

"அவ வாசல்ல போய் நான் நிக்கணுமா?"

"அவ வந்து நின்னால்ல?"

"அவ கேக்கத்தானே போறா. என் வாயாலதானே வேணும்னா," என்றார் பெரியவர். மனைவி அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

மறுநாள் நோட்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஒலிப்பதிவுக்கார அம்மாள் அந்தப் பக்கத்தைப் படித்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். கரையானைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இதுதான் உங்கப்பா வரின்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, இதையே எடுத்துக்கலாம். நிறுவனத்துல நான் பேசிக்கறேன்."

பெரியவர் கையெழுத்துப் போட்டார். பிறகு உள்ளே போய், யாரும் சொல்லாமலே சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் நாற்காலி முதுகில் போட்டார். பனியனோடு உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்காமல், சாய்ந்து உட்கார்ந்தார்.

காதில் அவர் குரல் ஓடியது. 'மதியம் அவள் வந்தாள். கையில் குழந்தை.' அவர் தொற்றிக்கொண்டார்.

'பெரியவன் வாசலில் நின்று, அப்பா வீட்டில் இல்லை என்றான். நான் வீட்டில்தான் இருந்தேன். கல்வத்தில் மருந்து அரைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டால் தெரிந்துவிடுமே என்று அரைப்பதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.'

ஒரே தடவை. எந்தச் சொல்லும் எந்தப் பக்கமும் சாயவில்லை. பெரியவன் என்பதை யாரோ ஒரு பெரியவன் போலவே வாசித்தார். அந்த அம்மாள் நிறுத்தவும் இல்லை, பின்னால் போகவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காதில் சொன்னார்: "இதுதான் ஐயா."

தெருவில் நடந்து வரும்போது பெரியவரின் முதுகு இன்னும் நிமிர்ந்திருந்தது. தன் தொழிலில் இதைவிட நன்றாக ஒருநாளும் வாசித்ததில்லை என்று நினைத்தார். அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. தங்கையைப் பற்றி அவர் நினைக்காமலில்லை. ஆனால் அவளைப் பற்றி நினைத்ததும்கூட, அவள் இதைக் கேட்டுவிட்டு என்ன சொல்வாள் என்றுதான். அண்ணன் நன்றாக வாசித்தார் என்று சொல்வாள்.

ஒலிப்புத்தகம் வெளிவந்தது. பேராசிரியர் கூப்பிட்டுப் பாராட்டினார். பழைய நீதிமன்ற நண்பர் ஒருவர், "தராசு, நீ உன்னையே கூண்டுல ஏத்தி வாசிச்சிருக்கியேப்பா," என்று போனில் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு ஒன்றுவிட்ட அத்தை, குடும்ப மானத்தைக் கடைத்தெருவில் காயப் போட்டுவிட்டதாகச் சொல்லி அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கையின் போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மனைவி மாடிக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இறங்கி வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குள் போனாள். மூன்றாவது ஞாயிறு பாத்திரங்களை உருட்டிய சத்தத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அன்று மதியம் அவர் கிளம்பினார். கஞ்சி போட்ட சட்டை. எல்லாப் பொத்தானும் போட்டிருந்தது. இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்துப் போனார். பச்சை இரும்புக் கேட்டு, பக்கத்தில் ஒரு முருங்கை மரம், நான்கு படி ஏறினால் கதவு. படியில் ஒரு ஜோடிப் பெண்கள் செருப்பு. குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. சின்ன வயதிலிருந்தே அவள் வலது காலைச் சாய்த்துத்தான் நடப்பாள்.

உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டக் கையைத் தூக்கியவர், நின்றார். அவருடைய குரல்தான்.

'...நான் வீட்டில்தான் இருந்தேன். கல்வத்தில் மருந்து அரைத்துக்கொண்டிருந்தேன்.'

தட்டினார்.

உள்ளே குரல் நின்றது.

செருப்பில்லாத காலடிகள் வந்தன. கதவு பாதி திறந்தது. நாற்பது வயதைத் தாண்டிய பெண். தங்கையின் நெற்றி, அப்பாவின் மூக்கு. தோளிலிருந்து தோளுக்கு மாறிய குழந்தையை அவர் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. அவரை யாரென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இல்லையென்றால் அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

"அம்மாவைப் பாக்கணும்," என்றார்.

"அம்மா வீட்ல இல்ல மாமா."

பெரியவர் காத்திருந்தார். கோபமோ, ஏளனமோ, நடுக்கமோ, எதுவாவது இருந்தால் பிடித்துக்கொண்டு ஏதாவது பேசியிருக்கலாம். எந்தச் சொல்லும் அழுந்தவில்லை. ஒலிப்பதிவுக்கார அம்மாள் இருந்திருந்தால் இரண்டாம் தடவை கேட்டிருக்க மாட்டார்.

"எப்ப வருவா?"

"தெரியல மாமா."

கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. அவர் நான்கு படியும் இறங்கி, கேட்டைத் திறந்து, வெளியே வந்து கொக்கியைப் போட்டார். தெருவில் வெயில். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

உள்ளே குரல் மறுபடி தொடங்கியது. நின்ற இடத்திலிருந்து தொடங்கவில்லை. யாரோ இரண்டு வரி பின்னால் போயிருந்தார்கள்.

'மதியம் அவள் வந்தாள். கையில் குழந்தை.'